ஹலோ வூட்டுக்காரர்

தருமபுரி மாவட்டத்தில் சுவரைப் பார்த்து 'ஹலோ' சொன்ன முதல் மனிதர் அவர்தான். எனக்குத் தெரிந்த வரை கடைசி மனிதரும் அவர்தான். கோயில் சுவரைத் தொட்டுக் கும்பிடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு வேறு. இவர் ஹலோ சொன்னது நேற்றுப் பட்டி பார்த்து, இன்று பிரைமர் அடித்து, நாளை பெயின்ட்டுக்குக் காத்திருக்கிற சாதாரண வீட்டுச் சுவருக்கு.

"ஹலோ வூடு, லைட்டு போடுங்க" என்பார். லைட் எரியும். "ஹலோ வூடு, ஃபேனு போதுங்க" என்பார். நின்றுவிடும். சில நாள் ஃபேன் நிற்பதற்குப் பதில் ஜன்னல் திரை விலகும். அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். "பரவால்லீங்க, வெளிச்சமும் வேணும்ல" என்று சுவருக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, எழுந்து போய் ஃபேனைக் கையால் நிறுத்திவிட்டு வருவார். பச்சைப் பிள்ளையைக்கூட 'வாங்க போங்க' என்று கூப்பிடுகிற மனிதர், சுவரை மட்டும் மரியாதைக் குறைவாகப் பேசுவாரா?

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது ரேஷன் கார்டோடு சரி. ஊருக்கு அவர் ஹலோ வூட்டுக்காரர். ஒருமுறை அந்த ரேஷன் கார்டுப் பெயருக்கு ஒரு பார்சல் வந்தபோது, "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று கூரியர்காரரைத் திருப்பி அனுப்பியவள் நான்தான். அவர் வெகுநாளாக வழிமேல் விழி வைத்துக் காத்திருந்த சென்சார்கள் அதில்தான் இருந்தன. விஷயம் தெரிந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கே சட்டுனு ஞாபகம் வந்திருக்காது, விடுங்க பாப்பா" என்றார்.

சேலம் ரோட்டில் அவருடைய மச்சான் டைல்ஸ் கடை வைத்திருந்தார். அதன் மாடியில்தான் எங்கள் ஷோரூம். சுவிட்சைத் தொடாமல் லைட் போடுவது, போனிலிருந்து மோட்டார் போடுவது, ஆள் வந்தால் தானே எரியும் விளக்கு, தானே திறக்கும் கேட் என்று ஒரு வீட்டைப் புத்திசாலி ஆக்குகிற சாமான்கள் எல்லாம் அங்கே கிடைக்கும். நான் கல்லூரி முடித்துவிட்டு, கிடைத்த வேலைக்குப் போவோம் என்று படியேறினேன். என்ன படித்திருக்கிறாய் என்று அவர் கேட்கவே இல்லை. எதிர்ச் சுவரைக் காட்டி, "அவங்ககிட்ட ஃபேனு போடச் சொல்லுங்க" என்றார்.

நான் சுற்றிலும் பார்த்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. "யாருகிட்டங்க சார்?"

"வூட்டுகிட்டதான். கூச்சப்படாதீங்க. மொதல்ல ஒரு ஹலோ சொல்லுங்க. எடுத்த எடுப்புல வேலை ஏவுனா யாருக்குத்தான் புடிக்கும்?"

சொன்னேன். ஃபேன் சுற்றியது. எனக்கு வேலை கிடைத்தது. அன்று மாலையே என் குரலை மெஷினில் பதிவு செய்துகொண்டார். வீடு ஏதாவது பேசினால் அது என் குரலில்தான் பேசும். 'வணக்கம், வாங்க', 'தண்ணித் தொட்டி நெறைஞ்சிருச்சுங்க', 'கேஸ் அடுப்பைப் பாருங்க' என்று மாவட்டத்தின் எதிர்கால வீடுகள் அத்தனைக்கும் நான்தான் வாய் என்று அவர் சொன்னபோது எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஷோரூம் என்பது ஒரு வீட்டின் மாதிரி. ஹால், சமையல்கட்டு, பாதி பெட்ரூம். மீதிப் பாதியில் டைல்ஸ் பெட்டி அடுக்கியிருக்கும். அது கடை என்றாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வூடுன்னா வூடுதான் என்பார். வாடிக்கையாளர் வந்தால் நான் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு வெளியே போய் நின்று, ஆபீஸ் முடிந்து வருகிற குடும்பத் தலைவியாக உள்ளே நுழைய வேண்டும். விளக்கு தானே எரியும். "பாத்தீங்களா, கை ரெண்டுலயும் பை. சுவிட்ச எப்படித் தட்டுவாங்க?" என்று கேட்பார். பையைக் கீழே வெச்சிட்டுத் தட்டறது என்பதுதான் எல்லாருடைய பதிலும். அந்தப் பையில் இருந்த முட்டைக்கோஸ் வாடிப்போகிற வரை ஒரே கோஸ்தான். வாடியதும் பொரியலுக்கு நான் எடுத்துப் போய்விடுவேன்.

பெங்களூருவில் பல வருஷம் அபார்ட்மென்ட்டுகளில் இந்தச் சாமான்களை மாட்டிக்கொண்டிருந்தவர் அவர். "ஏழாவது மாடியில நின்னுக்கிட்டு, மொகந்தெரியாத ஆளுங்களுக்கு லைட்டு போட்டுக் குடுத்தேன் பாப்பா. லிப்ட்ல ஒருத்தனும் சிரிக்க மாட்டான். நம்ம சனங்க சுவிட்சத் தேடி இருட்டுல தடவிக்கிட்டு இருக்குதே, அவங்களுக்குச் செய்வோம்னு வந்துட்டேன்" என்று சொல்லுவார். சனங்கள் தடவிக்கொண்டெல்லாம் இல்லை. அவரவர் வீட்டில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவரவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதுதான் எங்கள் வியாபாரத்தின் முதல் சிக்கல்.

இரண்டாவது சிக்கல், வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி. கீழே டைல்ஸ் பார்க்க வந்து, வெயிலுக்கு ஏசியைத் தேடி மேலே ஏறி வருவார்கள். அவர் முழு வித்தையும் காட்டி முடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்பார். அவர்கள் கேட்பார்கள்:

"கரண்ட் போனா?"

"இன்வெர்ட்டர் இருக்குதுங்க."

"அதுவும் தீந்துபோனா?"

"அப்ப மட்டும் எந்திரிச்சுப் போய்ப் பாத்துக்கணும்ங்க."

"அதுக்கு இப்பவே எந்திரிச்சுப் பாத்துக்கிறனே."

டீ குடிக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் இதற்கு ஒரு பதிலைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். "கரண்ட் போனாங்கிறதுக்கு மட்டும் ஒரு பதில் கெடைச்சிருச்சுன்னா, மாவட்டமே நம்ம கையில பாப்பா" என்பார். நான் தலையாட்டிவிட்டுக் கோஸைத் திருப்பி வைப்பேன்.

விளம்பரத்திலும் அவர் வழி தனி வழி. ஆட்டோவில் மைக் கட்டி, என் குரலில் "உங்க பேச்சை உங்க வூடு கேக்குதா?" என்று பென்னாகரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வந்தோம். கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா ஆட்டோவை மறித்து, "கட்டுன புருசனே கேக்கல, செவுரா கேக்கப்போவுது? போ சாமி போ" என்றது. பஸ் ஸ்டாண்டே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு அந்த அம்மாவிடம் ஒரு கூறு கொய்யா வாங்கினார். இழவு வீட்டுக்குப் போனாலும் அவர் கண் சுவிட்ச் போர்டில்தான் இருக்கும். ஒரு சாவு வீட்டில் மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தவர், "ஹாலுக்கு ஏன் இத்தன சுவிட்சு, ஒண்ணே போதுமே" என்று பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாக ஆரம்பித்துவிட்டார். மச்சான் வந்து சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்.

விவசாயிகளிடம் சுலபமாக விற்றுவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டார். காரணமும் இருந்தது. எங்கள் பக்கத்தில் போர் மோட்டாரைப் போனில் போட்டு நிறுத்தாத விவசாயி கிடையாது. டீக்கடையில் வடை தின்றுகொண்டே காட்டில், வயலுக்கு நடுவே இருக்கிற மோட்டாருக்கு மிஸ்டு கால் கொடுப்பார்கள். பெங்களூருக்காரர்கள் பெருமையாகப் பேசுகிற சமாச்சாரத்தை இவர்கள் எப்போதோ சாதாரணமாக்கிவிட்டார்கள். "மோட்டாரை போன்ல போடற ஆளு லைட்டை போன்ல போட மாட்டானா?" என்று நம்பிக்கையோடு ஒரு பெரியவரிடம் கேட்டார். அந்தப் பெரியவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "மோட்டாரு ஒரு மைலுக்கு அந்தாண்ட இருக்குது. வழியில பாம்பு கெடக்கும். லைட்டு சுவிட்சு என் தலைமாட்டுல இருக்குது. அங்க என்னா பாம்பு?"

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. மச்சான் ஒரு நாள் மேலே ஏறி வந்து, நாற்காலியில் உட்காராமல் பேசினார். டைல்ஸ் ஸ்டாக் வைக்க இடம் போதவில்லை. தை பிறந்தால் மாடி தனக்கு வேண்டும். அதற்குள் ஒரு பெரிய ஆர்டர் பிடித்தால் இருக்கலாம். இல்லையென்றால் பெங்களூரு பழைய கம்பெனிக்கே போய்ச் சேருங்கள் மாமா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஹலோ வூட்டுக்காரர் எழுந்து போய் ஃபேனைக் கையால் நிறுத்திவிட்டு வந்தார். பிறகு, "மறுபடியும் அந்த லிப்ட்ல ஏறணுமா பாப்பா?" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

பெரிய ஆர்டர் என்றால் எங்கள் ஊரில் ஒரே ஆள், லேஅவுட் பழனி. பென்னாகரம் ரோட்டில் வரிசையாக வீடுகள் கட்டி விற்கப் போகிறவர். அவர் முன்னால் போய் நின்றோம். பழனி காதைக் குடைந்துகொண்டே கேட்டார்.

"வூடு வாங்க வர்றவன் என்ன கேப்பான் தெரியுமாய்யா? தண்ணி வருமா, வாஸ்து இருக்குதா, பஸ்சு நிக்குமா. செவுரு பேசுமான்னு ஒருத்தன் கேட்டதில்ல."

"கேக்கத் தெரியாதுங்க. காட்டுனா கேப்பாங்க."

"செரி, ஒண்ணு பண்ணு. நான் கட்டுன வூட்டுல எதுல வேணாலும் மாட்டு. ஒரே ஒரு வூட்டுல, ஒரு மாசம், புடுங்கிப் போடாம வெச்சிருந்தாங்கன்னா, லேஅவுட் பூரா உன்னுதுதான். நானே வந்து பாப்பேன்."

கேட்பதற்குச் சின்ன நிபந்தனை. ஒரு வீடு. ஒரு மாசம்.

முதல் வீடு, டவுனில் ஒரு ஓய்வு பெற்ற தலைமையாசிரியருடையது. ஆள் அசைந்தால் விளக்கு எரியும், அசையாவிட்டால் அணையும் என்று ஹாலில் ஒரு சென்சார் மாட்டினார். தலைமையாசிரியர் பேப்பர் படிக்க உட்கார்ந்தால் சிலை. தலையங்கத்தின் நடுவில் விளக்கு அணையும். அவர் பேப்பரைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவார். எரியும். மறுபடி அணையும். மறுபடி ஆட்டுவார். ஜன்னல் வழியே பார்த்த எதிர் வீட்டுக்காரர், தன்னைத்தான் அவசரமாகக் கூப்பிடுகிறார் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். இப்படி அவர் ஓடி ஓடி அலுத்துப் போனதும், சென்சார் பேப்பரில் சுற்றப்பட்டு எங்கள் ஷோரூமுக்குத் திரும்பி வந்தது.

இரண்டாவது, தொப்பூரில் ஒரு லாரி ஓனர் வீடு. ஓனர் லாரியில் வந்து ஹாரன் அடித்தால் கேட் தானாகத் திறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்கென்ன என்று இவரும் ஹாரன் சத்தத்தைக் கேட்டால் திறக்கிற மாதிரி செய்து கொடுத்தார். வீடு இருந்தது தொப்பூர் கணவாய் இறக்கத்தில், ஹைவேயை ஒட்டி. அந்த இறக்கத்தில் ஹாரன் அடிக்காமல் போகிற லாரி இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். கேட் திறந்தது, மூடியது, திறந்தது. காலையில் மாட்டியது சாயங்காலத்துக்குள் ஒரு வருஷத்து வேலையைப் பார்த்துவிட்டது. பக்கத்துக் காட்டு வெள்ளாடுகள்தான் இதை முதலில் புரிந்துகொண்டன. லாரி வரும் சத்தம் கேட்டால் கேட் முன்னால் வந்து வரிசையாக நிற்க ஆரம்பித்தன. ஓனரம்மா போன் செய்து, "எங்க செம்பருத்திச் செடி பூராத்தையும் தின்னுப்போட்டுதுங்க. உங்க ஹலோவ வந்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்று அழாத குறையாகச் சொன்னது.

எல்லா ஊரும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் மட்டும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார்த்திகை முடியப் போகிறது. மிச்சம் ஒரே ஒரு மாசம், பழனி கட்டியதில் எங்களை நம்பி இடம் கொடுத்த மிச்சம் ஒரே ஒரு வீடு.

அந்த வீடு இண்டூரில். சாமந்தியும் தக்காளியும் போடுகிற மாதையன், சாலம்மா தம்பதிக்குப் பழனி கட்டிக் கொடுத்த, கான்கிரீட் கூரை போட்ட மெத்தை வீடு. மார்கழியில் குடிபோகக் கூடாதே என்று கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் புதுமனை புகுவிழா வைத்திருந்தார்கள். மாதையனுக்கு மெஷின் என்றால் பிரியம். சாலம்மாவை யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

விழாவன்று முதலில் மாடு நுழைய வேண்டும் அல்லவா? பசுவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து வாசலுக்கு ஓட்டி வந்தார்கள். வாசலில் இருந்த சென்சாரை அணைக்க இவர் மறந்துவிட்டார். பசு ஒரு கால் எடுத்து வைத்ததும் ஹாலில் அத்தனை விளக்கும் பளீரென்று எரிந்து, என் குரல் கணீரென்று "வணக்கம், வாங்க" என்றது. பசு அரண்டுபோய் நிலைவாசலிலேயே சாணி போட்டுவிட்டது. தொலைந்தோம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கூட்டத்தில் ஒரே குதூகலம். "லட்சுமியே வந்துட்டா! வாசல்லயே போட்டுட்டா பாரு!" என்று பெண்கள் குலவை போட்டார்கள். புரோகிதர் நிமிர்ந்து பார்த்து, நல்ல சகுனம் என்றார். ஹலோ வூட்டுக்காரருக்குத் துண்டு போர்த்தினார்கள். வரும் வழியெல்லாம், "நம்ம சிஸ்டத்துல இப்படி ஒரு வசதி இருக்குதுன்னு எனக்கே தெரியாது பாப்பா" என்று சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினார்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் மாதையன் போன் செய்தார். "சார், உங்க ஹலோ செத்துப்போச்சுங்க. என்ன கூப்புட்டாலும் பேச மாட்டேங்குது." போனோம். எல்லாம் நன்றாக இருந்தது. அடுத்த நாளும் அதே போன். ஃபியூஸை மாற்றினார். அதற்கடுத்த நாளும். வோல்டேஜைக் குறை சொன்னார். லைன்மேனைக் குறை சொன்னார். சிக்னலை மறைக்கிற மலையைக் குறை சொன்னார். பகல் முழுக்க நன்றாக வேலை செய்கிற வீடு, பொழுது சாய்கிற நேரத்தில் மட்டும் மூச்சடங்கிப் போகிறது. கடைசியில், "ஆளுக்குக் காய்ச்சல்னா பக்கத்துல குந்திப் பாக்கறோம்ல? வூட்டுக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, மதியமே போய் ஹாலில் ஒரு மூலையில் குந்திக்கொண்டார். பக்கத்தில் நான்.

வெயில் இறங்கியது. வெளிச்சம் குறைந்தால் வீட்டு விளக்கெல்லாம் தானே எரிகிற மாதிரி செய்திருந்தார். அவருடைய வித்தைகளில் அவருக்கே ரொம்பப் பிடித்தது அதுதான். அந்த நேரம் நெருங்கியது. சாலம்மா பின்கட்டிலிருந்து வந்தது. நேராக மெயின் போர்டுக்குப் போனது. டக்கென்று மெயினை இறக்கியது. வீடே அடங்கியது. பிறகு போய் முகம் கழுவி, நெற்றிக்கு வைத்துக்கொண்டு, சாமி ரூமில் விளக்கேற்றிக் கும்பிட்டது. திரும்பும்போதுதான் மூலையில் எங்களைப் பார்த்தது.

"ஏங்க, நீங்களா தினம் மெயினை எறக்கறது?" என்றார் இவர், எழுந்து நின்று.

"ஆமாங்க. நாந்தான். கும்புட்டு முடிச்சு, கொஞ்ச நேரங்கழிச்சு ஏத்தி வெச்சிருவேன்." சாலம்மா முகத்தில் பயம் இல்லை. "நான் ஒண்ணு கேக்கறேன். ஒரு வூட்டுல விளக்கு வெக்கிறது யாருங்க?"

அவர் சாமி ரூம் பக்கம் பார்த்தார்.

"நான் கட்டிக்கிட்டு வந்தப்ப கூரை வூடு. அங்க நாந்தான் வெச்சேன். அப்புறம் ஓட்டு வூடு. அங்கயும் நாந்தான் வெச்சேன். செடியில பூவு பறிச்சுக்கிட்டு இருந்தாலும் போட்டது போட்டபடி ஓடியாந்து, மொகங்கழுவி, லைட்டப் போட்டுக் கும்புட்டாத்தான் எனக்கு அந்த நாளு முடியும். இப்ப மெத்தை வூடு வந்துச்சு. குடிவந்த அன்னிக்கு மொகங்கழுவிட்டு வர்றேன், எல்லா லைட்டும் எரிஞ்சுக்கிட்டு கெடக்குது. யாரக் கும்புடறது நான்? இந்தப் பொட்டியவா?"

மாதையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹலோ வூட்டுக்காரர் கையமர்த்தினார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். "தப்பு பண்ணிட்டேங்க" என்றார். "லைட்டு போடறது ஒரு வேலைன்னு நெனச்சுட்டேன். வேலைய மிச்சம் புடிச்சா சந்தோசப்படுவாங்கன்னு நெனச்சேன்." பிறகு பழக்கதோஷத்தில் சுவர்ப் பக்கம் திரும்பி, "நீங்களும் மன்னிச்சுக்குங்க" என்றார். சாலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றுதான் அது எங்களைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தது.

மறுநாள் அவர் இண்டூருக்கு எடுத்துப் போனது ஒரே ஒரு சாமான். சாதாரண சுவிட்ச். அமுக்கினால் 'டக்' என்று சத்தம் வருகிற பழைய மாதிரி சுவிட்ச் வேண்டும் என்று கடைகடையாக அலைந்து வாங்கியது. சாமி ரூம் கதவுக்குப் பக்கத்தில், கை எட்டுகிற உயரத்தைச் சாலம்மாவிடமே கேட்டு மாட்டினார். தானே எரிகிற வித்தையை அணைத்துவிட்டார். அதற்குப் பதிலாக ஷோரூமில் என்னை உட்காரவைத்து மூன்று சொல் பதிவு செய்தார்: "பொழுது சாயுதுங்க, அக்கா."

சாயங்காலம் வீடு அதைச் சொன்னது. சாலம்மா முகம் கழுவி வந்து சுவிட்சை அமுக்கியது. முதலில் சாமி ரூம் எரிந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து நடைக்கூடம். பிறகு ஹால், வாசல், மாட்டுக் கொட்டாய், கடைசியாகக் காட்டு மோட்டார் ரூம். சாமியிடமிருந்து கிளம்பிய வெளிச்சம் நடந்து நடந்து சாமந்திக் காடு வரைக்கும் போய் நின்றது. சாலம்மா கும்பிட்டது. அணைத்துவிட்டு இன்னொரு தரம் போட்டது. அப்புறம் வாசலுக்குப் போய், "ஏ, வந்து பாருங்கடி" என்று பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டது.

மெயினை அதற்குப் பிறகு யாரும் இறக்கவில்லை. மார்கழியும் கடைசிக்கு வந்தது. பொங்கலுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் லேஅவுட் பழனி புல்லட்டில் வந்து இறங்கினார். எல்லாம் புடுங்கிப் போட்டிருப்பார்கள், சும்மா தலையைக் காட்டிவிட்டுப் போவோம் என்கிற நடை. நானும் ஹலோ வூட்டுக்காரரும் முன்னாலேயே வந்து காத்திருந்தோம். அவர் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. பழனி நாற்காலியில் உட்கார்ந்தார். வெளிச்சம் மங்கியது. வீடு வாயைத் திறக்க வேண்டிய நேரம்.

கரண்ட் போய்விட்டது.

இன்வெர்ட்டர் பொங்கலுக்கு மேல் வாங்குவதாக மாதையன் தள்ளிப் போட்டிருந்தார். இண்டூரே இருட்டு. பழனி இருட்டுக்குள் கனைத்துக்கொண்டார். ஊரில் எல்லாரும் கேட்ட அந்தக் கேள்வியை, சாவகாசமாக, கால்மேல் கால் போட்டுக்கொண்டு அவரும் கேட்டார்.

"அது செரிய்யா. கரண்ட் போனா?"

ஹலோ வூட்டுக்காரர் வாயைத் திறந்தார். எனக்கு அந்த லிப்ட்தான் கண்ணில் தெரிந்தது.

சாமி ரூமிலிருந்து அகல் விளக்கைக் கையில் மூடிக்கொண்டு வந்த சாலம்மா பதில் சொன்னது. "போனா வந்துட்டுப் போவுதுங்க. நான் எங்க போவப்போறேன்? குந்துங்க, காப்பி கொண்டாறேன். நான் லைட்டு வெக்கிறதப் பாக்காம எந்திரிக்கக் கூடாது."

பழனி மறுபேச்சு பேசாமல் காப்பி குடித்தார். அகல் வெளிச்சத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். கரண்ட் வந்ததும் பெட்டி விழித்துக்கொண்டு, இருட்டிப்போன பிறகு, "பொழுது சாயுதுங்க, அக்கா" என்றது. "இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும் உனக்கு?" என்று சாலம்மா அதை ஒரு அதட்டு அதட்டிவிட்டு சுவிட்சை அமுக்கியது. வெளிச்சம் ஒவ்வொரு இடமாக நடந்தது. வாசல் விளக்கு எரிந்தபோது லேஅவுட் பழனி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தன்னை அறியாமல் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். கும்பிட்ட பிறகுதான் எங்களைப் பார்த்தார். கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"அந்தப் பேச்சு, கேட்டு, கீட்டு எல்லாம் வேணாம்" என்று புல்லட்டை உதைத்துக்கொண்டே சொன்னார். "அந்தச் சுவிட்சு. அது எல்லா வூட்டுலயும் சாமி ரூம் பக்கத்துல இருக்கணும்."

சுவிட்சைத் தொடாமல் வாழக் கற்றுக்கொடுக்க வந்த மனிதருக்கு ஒரு சுவிட்சுக்குத்தான் ஆர்டர் கிடைத்தது. அதை நான் சொல்லிச் சிரித்தபோது, "வூடு பூரா நம்மளுதுதான் பாப்பா, சுவிட்சு மட்டும் அவங்களுது" என்றார். மச்சான் டைல்ஸ் ஸ்டாக்குக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு ஷோரூமில் யாராவது கரண்ட் போனா என்று கேட்டால், அவர் நிமிர்ந்து நின்று, "நீங்க எங்க போவப்போறீங்க?" என்பார்.

அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அந்த லிப்டில் ஏறியது நான். கல்யாணமாகிப் பெங்களூரு வந்து, சொன்னால் சிரிப்பீர்கள், ஏழாவது மாடியில் குடியிருக்கிறேன். லிப்டில் ஒருவரும் சிரிப்பதில்லை. அவர் சொன்னது முழுக்க நிஜம். குடிவந்த அன்று சாயங்காலம் நான் சமையல்கட்டில் இருந்தபோது வீட்டு விளக்கெல்லாம் தானாக எரிந்தன. ஈரக் கையோடு வந்து அப்படியே நின்றுவிட்டேன். மறுநாள் மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிட்டு இதை எடுத்துவிடு என்றேன். "யாக்கே மேடம்?" என்றான். ஏன் என்று எனக்குக் கன்னடத்தில் சொல்லத் தெரியவில்லை. தமிழிலும் தெரிந்திருக்காது.

அன்றைக்கு அவருக்குப் போன் செய்தேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "அது கெடக்குது பாப்பா, போன ஒடனே வூட்டுக்கு ஒரு ஹலோ சொன்னீங்களா, இல்லியா?" என்று கேட்டார்.

இப்போது தினமும் சொல்கிறேன். கதவைத் திறக்கிறேன், உள்ளே இருட்டு. "ஹலோ வூடு" என்கிறேன். இந்த வீட்டுக்குக் காது கிடையாது, பதில் வராது. நடந்து போய் சுவிட்சை நானே தட்டி, எரிகிற விளக்கைப் பார்த்துக் கும்பிடுகிறேன். சாமிக்குத்தான் கும்பிடுகிறேன். ஆனால் கண்ணை மூடினால் தெரிகிறவர், சேலம் ரோட்டு மாடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு சுவரிடம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.